டிக்கிக்குள்ள ஒரு பாட்டுக்காரரு

வாடா பேராண்டி, வா. நீ வர்றதுக்கு முன்னாடியே ஒன் வண்டி நம்பர் பிளேட்டுச் சத்தம் வந்து சேந்துருச்சு. நீ தெருமுனைப் பிள்ளையாரைத் தாண்டும்போதே ஒங்க அப்பத்தா அடுப்பைப் பத்த வச்சுட்டா. "பரண்ல எவர்சில்வர் குடம் ஆடுது, பேரன் வாரான்"னு சொல்லிட்டுத்தான் காபித்தண்ணி வச்சா. நம்ம வீட்டுல காலிங் பெல்லு இல்லாத கொறையை நீ தீத்து வச்சுட்ட.

உக்காரு. காபியைக் குடி. என்னமோ புதுப் பாட்டுன்னு சொன்னியே, அது எந்தப் பாட்டு? எனக்குக் கேட்டதெல்லாம் தும்மு, தும்மு, தும்முங்குற சத்தந்தான். முந்தா நாளு அரிசி மில்லுல பெல்ட்டு அந்துபோனப்பவும் இதே மெட்டுத்தான் கேட்டுச்சு.

டிக்கியில வச்ச சப்வூஃபருக்கு எம்புட்டு ஆச்சு? நாப்பதாயிரமா? பலே. அந்தக் காசுக்கு ஒரு கறவை மாடு வந்துருக்கும். அதுவும் இப்பிடித்தான் கத்தும். என்ன, கூடவே பாலும் குடுக்கும்.

மூஞ்சியைத் தொங்கப் போடாத. தாத்தனுக்கு என்ன தெரியும்னுதானே பாக்குற? நான் 40 வருசம் ரேடியோ செட்டு கட்டுனவன்டா. காதுகுத்து, சடங்கு, பங்குனிப் பொங்கல், கட்சிக் கூட்டம்னு இந்தச் சுத்துப்பட்டுல நான் ஏறிக் குழாய் கட்டாத புளியமரம் கெடையாது. அந்தக் குழாய்ல நாயனம் நாலு ஊருக்குக் கேக்கும், தவிலு மட்டும் தகர டப்பாவா கேக்கும். ஏன் தெரியுமா? அடிச்சத்தத்தோட அலை அம்புட்டு நீளம். 80 ஹெர்ட்ஸ் சத்தத்துக்கு ஒரு அலையே 14 அடி. 40 ஹெர்ட்ஸுன்னா 28 அடி. ஒன்றரை அடி வாயி வச்ச குழாய்க்குள்ளயிருந்து அதை எப்பிடி வெளிய தள்ளுவ? கோழிக் கூட்டுல யானையைக் கட்டுன கதைதான்.

அந்த யானையை நீ டிக்கியில கட்டி வச்சுருக்க. கட்டுனது தப்பில்ல. அது பின்னால நிக்கிறது ஊருக்கே தெரியுது பாரு, அதுதான் தப்பு. ரசத்துல பெருங்காயம் போடுறா ஒங்க அப்பத்தா. என்னைக்காவது வாயில பெருங்காயம் தட்டுப்பட்டுச்சா? போடாத அன்னைக்கு மட்டும் தெரியும். பேஸும் அப்பிடித்தான் இருக்கணும். நீ ரசத்தை விட்டுட்டு பெருங்காயக் கட்டியை வாயில போட்டுச் சவைச்சுக்கிட்டுத் திரியிற.

சரி, வண்டிக்குப் போவோம். ராஜா பாட்டுல ஒண்ணு போடு. பேஸ் கிடாரு நல்லா ஓடுற பாட்டா இருக்கட்டும். இப்பக் காதைத் தீட்டு. அந்தக் கிடாருக்குக் கம்பி நாலு. அமுக்காமச் சும்மா தட்டுனா தடிச்ச கம்பி 41 ஹெர்ட்ஸ், அடுத்தது 55, அதுக்கடுத்தது 73, மெலிஞ்ச கம்பி 98. நீ 80ல வரப்பு போட்டு, கீழ உள்ள சத்தத்தை டிக்கிக்கும் மேல உள்ளதைக் கதவு ஸ்பீக்கருக்கும் பிரிச்சன்னு வையி, மூணு கம்பி டிக்கிக்குப் போயிரும், நாலாவது கதவுக்குப் போயிரும். ஆனா வாசிச்சது ஒத்த ஆளு. அவரு கை மெலிஞ்ச கம்பிக்குத் தாவும்போதெல்லாம் டிக்கியிலருந்து கதவுக்கு ஓடி வந்து, தொட்டுட்டு மறுபடி டிக்கிக்கு ஓடுனா, அதுக்குப் பேரு சங்கீதமா கபடியா? அவரு ஒரே எடத்துல, ஒனக்கு முன்னால, கண்ணாடிக்குப் பக்கத்துல உக்காந்து வாசிக்கிற மாதிரி கேக்கணும். இன்னைக்கு நாம பாக்கப்போற சோலி பூராம் அந்த ஒத்த மனுசனை உக்கார வைக்கிறதுக்குத்தான்.

மொதல்ல ஒன் புத்திசாலித்தனத்தைப் பாப்போம். ஸ்டீரியோவுல பேஸு முழுசா ஏத்தியிருக்க. லவுட்னஸும் போட்டுருக்க. பின்னால ஆம்ப்ளிஃபயர்ல பேஸ் பூஸ்ட்டை 12 டெசிபல்ல வச்சுருக்க. ஒரு கல்யாண வீட்டுல ஒருத்தருக்கொருத்தர் தெரியாம மாமியா, மருமக, நாத்தனார்னு மூணு பேரும் ஒரே சாம்பார்ல உப்புப் போட்டாளுகளாம். அவளுகளாவது தெரியாமப் போட்டாளுக. நீ தெரிஞ்சே போட்டுருக்க. 3 டெசிபல் கூட்டுனா ஆம்ப்ளிஃபயர் ரெண்டு மடங்கு சக்தி குடுக்கணும். 12 டெசிபல்னா 16 மடங்கு. ஒன் ஆம்ப்ளிஃபயர் எம்புட்டு? 300 வாட்ஸா? அது முழுசாப் பாடிக்கிட்டு இருக்குறப்ப நீ பூஸ்ட்டைத் திருகுனா, அது 4800 வாட்ஸுக்கு எங்கிட்டுப் போகும்? மேலயும் கீழயும் அலையோட தலையை மொட்டையடிச்சுத்தான் அனுப்பும். அந்த மொட்டை அலைதான் ஒனக்கு 'கும்மு'ன்னு இருக்கு. காயிலுக்கு அது கொள்ளி. ஒரு நா ரப்பர் கருகுன வாடை வரும். அப்ப, "தாத்தா, சப்வூஃபரு கம்முன்னு ஆயிருச்சு"ன்னு வந்து நிப்ப.

அட்டைப் பெட்டியில 1200 வாட்ஸுன்னு போட்டுருக்கா? சந்தையில மாட்டுத் தரகன் எத்தனை லிட்டரு கறக்கும்னு சொல்லுவான், கேட்டுருக்கியா? அந்த 1200 அதுதான். அடியில பொடி எழுத்துல ஆர்.எம்.எஸ்.னு ஒரு நம்பரு இருக்கும். அதுதான் காலையில எந்திரிச்சுக் கறக்குற பாலு. அதை மட்டும் கணக்குல எடு.

கெயினுன்னு ஒரு திருகு இருக்குல்ல, அதை நீ வால்யூம்னு நெனச்சுத் திருகியிருக்க. அது மதகுடா. கண்மாய்ல இருந்து வர்ற தண்ணிக்குத் தக்கன வாய்க்காலைத் தொறக்குறதுக்கு உள்ளது. பூஸ்ட்டு, லவுட்னஸு எல்லாத்தையும் அமத்து. சப்வூஃபர் வயரைக் கழட்டு. ஸ்டீரியோ வால்யூமை முக்கால்வாசிக்கு வையி. 50 ஹெர்ட்ஸ் டோன் ஒண்ணை ஓட விட்டு, ஆம்ப்ளிஃபயர் வாயில மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டுல வச்சுப் பாரு. கணக்கு நாஞ் சொல்லுறேன். 300 வாட்ஸை ஒன் ஸ்பீக்கரு 4 ஓமால பெருக்கு, 1200. அதுக்கு வர்க்கமூலம் எம்புட்டு? காலேசுப் படிப்புப் படிச்சவன் முழிக்கிற. 34½ வோல்ட்டு. மீட்டர் அதைத் தொடுற வரைக்கும் கெயினைத் திருகு. தொட்டுச்சா, கையை எடு. அதுக்கு மேல ஒரு நூலு திருகுனாலும் அது சத்தமில்ல, வெறும் சூடு.

இப்ப வரப்புக்கு வருவோம். ஒன் அப்பனும் சித்தப்பனும் காட்டைப் பாகம் பிரிச்ச கதை ஒனக்குத் தெரியாது. மொத வருசம் ரெண்டு பேருமே வரப்பைத் தாண்டி உழுதாய்ங்க. வரப்போரமா ரெட்டை உழவு, ரெட்டை வெதை, கடைசியில வெட்டுக்குத்து வரைக்கும் போயிருச்சு. மறு வருசம் ரோசத்துல ரெண்டு பேருமே வரப்போரத்தை விட்டுட்டாய்ங்க. ஆளுயரத்துக்குக் கோரை மொளைச்சுப் போச்சு. கிராஸ் ஓவருன்னு சொல்லுறாய்ங்களே, அது இந்த வெவகாரந்தான். டிக்கியை 120 வரைக்கும் பாட விட்டு, கதவை 60லயே ஆரம்பிக்க விட்டன்னா நடுவுல உள்ளதுக்கு ரெட்டை உழவு. பாட்டு பொதபொதன்னு ஊறுன மொச்சை மாதிரி இருக்கும். டிக்கியை 60ல நிப்பாட்டி, கதவை 120ல ஆரம்பிச்சா கோரை. தாளத்துல அடி விழுகும், அறையாது.

நீ எதுல வச்சுருக்க? கொண்டா பாப்போம். அடப்பாவி, 150! ஆம்பளைக் கொரலு பேச்சுலயே 85க்கும் 180க்கும் நடுவுல அடிவாரம் போட்டு நிக்கும்டா. அதுல பாதியை நீ டிக்கிக்கு அனுப்பிட்ட. பாட்டுக்காரரைக் கையைக் காலைக் கட்டி டிக்கியில அடைச்சு மதுரை வரைக்கும் கடத்திட்டுப் போற. டோல்கேட்டுல புடிச்சான்னா என்னடா சொல்லுவ? 80க்குக் கீழ உள்ள சத்தம் எங்கிட்டு இருந்து வருதுன்னு காதுக்குச் சரியா வெளங்காது. அலை நீளம், தலை சின்னது. அந்த ஒரு ஏமாளித்தனத்தை நம்பித்தான் இந்தத் தொழிலே நடக்குது. 80க்கு மேல டிக்கியைப் பேச விட்டா காது ஏமாறாது, திரும்பிப் பாத்துரும்.

அதனால டிக்கிக்கு லோ பாஸ் 80, கதவுக்கு ஹை பாஸ் 80. சரிவு ரெண்டுக்கும் 24 டெசிபல். அப்பிடின்னா 80 தாண்டி 160க்குப் போறதுக்குள்ள டிக்கி 24 டெசிபல் அடங்கிரும், மூச்சுக் காட்டாது. மெனுவுல லிங்க்விட்ஸ்-ரைலின்னு ஒரு பேரு இருந்தா அதைத் தட்டு. அது கம்பெனி பேரு இல்ல, ரெண்டு இஞ்சினியருக பேரு. 1976லயே இதுக்கு ஒரு வழி சொல்லிட்டுப் போயிருக்காய்ங்க. வரப்புகிட்ட வரும்போது ரெண்டு பேரும் பாதி பாதியா அடங்கணும், அப்பத்தான் பாதியும் பாதியும் சேந்து ஒண்ணாகும்னு. ஒன் அப்பனுக்கும் சித்தப்பனுக்கும் இதைச் சொல்ல அன்னைக்கு ஆளில்லாமப் போச்சு.

80ங்குறது வேதவாக்கும் இல்ல. மெனுவுல இருக்குறது ஒரு கணக்கு, சீட்டுல உக்காந்து கேக்குறது ஒரு கணக்கு. 70, 90னு மாத்தி வச்சுக் கேளு. கிடாருக்காரரு எதுல உக்காருறாரோ அதுல விட்டுரு.

என்ன, கதவுல சத்தமே இல்லையா? இல்லாமத்தான் இருக்கும். கதவு ஸ்பீக்கரு நோஞ்சானா இருக்கிறதாலதான் நீ டிக்கியை 150 வரைக்கும் சொமக்க வச்ச. மூத்தவன் படிக்கலைன்னு எளையவனை ரெண்டு பரிச்சை எழுத வைக்கிற மாதிரி. அந்தக் கதவுப் பலகையைக் கழட்டிப் பாரு. உள்ள இருக்குற தகடு பூராம் ஓட்டை. ஸ்பீக்கர் அட்டை முன்னால காத்தைத் தள்ளும்போது பின்னால இழுக்கும். முன்னால போன சத்தமும் பின்னால வர்ற சத்தமும் ஓட்டை வழியாச் சந்திச்சா ஒண்ணை ஒண்ணு தின்னுரும். வாசல்ல கடன் குடுத்துட்டு, கொல்லைப்பக்கமா வந்து வட்டியோட வாங்கிட்டுப் போறவன் மாதிரி. ஒனக்குக் கையில மிச்சமே இருக்காது. கண்ணாடி ஏறி எறங்க எடம் விட்டுட்டு, அந்த ஓட்டைகளை பியூட்டைல் ஷீட்டு போட்டு அடை. வெளித்தகட்டுலயும் உள்பக்கமா ஒட்டு. அடியில தண்ணி வடியிற ஓட்டையை மட்டும் தொட்டுராத, பெறகு மழைக்காலத்துல கதவுக்குள்ள அயிரை மீன் வளக்கலாம். இதை முடிச்சுட்டுக் கேளு. புது ஸ்பீக்கரு வாங்குன மாதிரி இருக்கும். ஒன் கடைக்காரரு இதை மொதல்ல சொல்லாம 12 இஞ்சைத் தலையில கட்டிட்டாரா? அவரும் பொழைக்கணும்ல.

அடுத்தது நான் பட்ட அவமானம், சொல்லுறேன் கேளு. குழாயை விட்டுட்டு மொதமொத ரெண்டு 15 இஞ்சு பொட்டி வாங்குன வருசம். பங்குனிப் பொங்கலு. மேடைக்கு அங்கிட்டு ஒண்ணு, இங்கிட்டு ஒண்ணு. நடுவுல நாட்டாமைக நாற்காலி போட்டு உக்காந்துருக்காக. உருமிக்காரரு தேய்க்கிறாரு, மொனகல் வரல. வெறும் கம்பு ஒரசுற சத்தம் மட்டும் வருது. ஆட்டத்தை நிப்பாட்டிட்டு எங்கிட்ட வந்தாரு. "அண்ணே, என் உருமியை யாரோ களவாண்டுட்டாய்ங்க, ஒங்க பொட்டிக்குள்ளதான் கெடக்கு"ன்னாரு. ஊரே சிரிக்குது. பாத்தா, ஒரு பொட்டிக்கு பிளஸ்ஸும் மைனஸும் மாறிக் கெடக்கு. ஊஞ்சலை ஒருத்தன் தள்ளும்போது இன்னொருத்தன் இழுத்தா ஊஞ்சல் எப்பிடி ஆடும்? ரெண்டு பொட்டியும் ஒழுங்காத்தான் பாடுது. நடுவுல உக்காந்துருக்குறவுகளுக்குத்தான் ஒண்ணுமில்ல. வயரை மாத்திச் சொருகுனேன். உருமி 'ஊம்'முன்னு மொனகுச்சு பாரு, நாட்டாமை மடியில இருந்த தாம்பூலத் தட்டு நகந்துருச்சு.

ஒன் வண்டியிலயும் அதைப் பாத்துரு. ரெண்டு கதவு ஸ்பீக்கருக்கும் டார்ச்சுக் கட்டை ஒண்ணை, அந்த 1½ வோல்ட்டை, பிளஸ்ஸுக்கு பிளஸ்ஸா ஒரு நொடி தொட்டுப் பாரு. அட்டை வெளிய குதிக்கணும். ஒண்ணு வெளிய, ஒண்ணு உள்ள போச்சுன்னா களவாணி அங்கதான் இருக்கான். அப்புறம் ஆம்ப்ளிஃபயர்ல ஃபேஸுன்னு ஒரு சுவிட்சு, 0, 180ன்னு போட்டுருக்கும். நீ டிரைவர் சீட்டுல உக்காரு, கூட்டாளி எவனையாவது பின்னால நிப்பாட்டி அந்த சுவிட்சை மாத்தி மாத்திப் போடச் சொல்லு. 80 ஹெர்ட்ஸ் டோன் ஓடட்டும். எதுல சத்தம் தடிச்சு வருதோ அதுதான் சரி. 0ங்குறது ஒழுங்கு, 180ங்குறது தப்புன்னு மட்டும் நெனைக்காத. பொட்டியைத் திருப்பிப் போட்டுட்டு மறுபடி கேட்டா வேற தீர்ப்பு வந்தாலும் வரும்.

இது முடிஞ்சா பந்தி வெவகாரம். வெளியூர்க்காரவுகளும் உள்ளூர்க்காரவுகளும் ஒண்ணாப் பந்தியில உக்காரணும்னா என்ன செய்வோம்? வெளியூர் பஸ்ஸை வெரட்ட முடியாது. பக்கத்து வீட்டுக்காரரைத்தான் "செத்த இருங்கண்ணே"ன்னு திண்ணையில உக்கார வைக்கணும். சத்தம் ஒரு மில்லி செகண்டுல 34 சென்டிமீட்டர் நடக்கும். டிக்கிப் பொட்டி ஒன் காதுக்கு ரெண்டு மீட்டர் தூரத்துல இருக்கு. வலது கதவு ஸ்பீக்கரு ஒன் மொழங்காலுக்குப் பக்கத்துல, ஒரு மீட்டர்ல. அப்ப வலது கதவை 3 மில்லி செகண்டு திண்ணையில உக்கார வையி. இடது கதவுக்கு டேப்பு வச்சு அளந்து, அதுக்குத் தக்கன கொஞ்சம் கொறைச்சு வையி. டிக்கிக்கு ஒண்ணும் வேணாம், அதுதான் வெளியூர்க்காரன். ஒன் ஸ்டீரியோவுல டைம் அலைன்மென்ட்டுன்னு இருக்கும் பாரு. நீ அதைத் தொட்டே இருக்க மாட்ட, வண்ண லைட்டு மாத்துறதுக்கு மட்டும் மெனுவுக்குள்ள போயிருப்ப. டேப்பு அளவு ஆரம்பத்துக்குத்தான். ஆம்ப்ளிஃபயருக்குள்ள வடிகட்டுறதுலயும் கொஞ்சம் தாமசம் ஆகும். மிச்சத்தைக் காதை வச்சுத்தான் நகத்தணும். சரியா நகந்த அந்த நொடியில டிக்கியில இருந்த தாளம் நடந்து வந்து முன் கண்ணாடிகிட்ட நிக்கும். மொதத் தடவை கேட்டப்ப நானே திரும்பிப் பாத்தேன், பின்னால பொட்டி இருக்கா, எவனும் தூக்கிட்டுப் போயிட்டானான்னு.

பொட்டியைக் காட்டு. ஓகோ, முன்னால ஓட்டை வச்சது. காலிக் கலயத்து வாயில ஊதிப் பாத்துருக்கியா? என்ன பாட்டை நெனச்சு ஊதுனாலும் ஒரே சுருதிதான் வரும். ஓட்டைப் பொட்டி கலயத்தோட தம்பி. ஸ்பீக்கருக்குத் தக்கன அளவெடுத்துச் செஞ்சா ஓட்டைப் பொட்டியும் நல்லாத்தான் பாடும், சத்தமும் கூட வரும். ரெடிமேடா செஞ்சு அடுக்கி வச்சதுல ஒண்ணைத் தூக்கிட்டு வந்தன்னா எல்லாப் பாட்டுக்கும் ஒரே தும்முதான். அந்தச் சுருதிக்குக் கீழ ஸ்பீக்கருக்குப் புடிமானமும் இருக்காது, அட்டை கண்டபடி ஆடும். சப்சானிக் ஃபில்டருன்னு ஒரு கடிவாளம் போடணும்.

மூடுன பொட்டிக்குச் சத்தம் கொஞ்சம் கொறைவு, நிதானம் சாஸ்தி. அடியில போகப் போக ஒவ்வொரு பாதிக்கும் 12 டெசிபல் எறங்கும். ஆனா ஒரு கூத்து கேளு. வண்டி சின்ன ரூமு. கதவு, கண்ணாடி எல்லாத்தையும் மூடிட்டா, ஒரு அளவுக்குக் கீழ உள்ள சத்தத்தை வண்டியே ஏத்திக் குடுக்கும். சின்னக் கார்ல 60, 70 ஹெர்ட்ஸுக்குக் கீழ கிட்டத்தட்ட அதே 12 டெசிபல் கணக்குலதான் ஏறும். பொட்டி எறங்க, வண்டி ஏத்த, கடைசியில மட்டமா வந்து நிக்கும். வீட்டுல வச்சா சவலையாக் கேக்குற மூடுன பொட்டி வண்டிக்குள்ள பயில்வானா மாறுறது இப்பிடித்தான். நீ என்னடான்னா ஊருக்குக் காட்டணும்னு நாலு கண்ணாடியையும் எறக்கி விடுற. வண்டி சும்மாக் குடுக்குற ஆழம் அந்த வழியாத்தான் ஓடிப் போகுது. பெருமையடிக்கிறதுக்கு இம்புட்டு அடிச்சத்தத்தைக் கப்பம் கட்டுன ஆளு நீ ஒருத்தன்தான்.

ஆசாரிகிட்ட சொல்லி 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். பலகையில செய்யி. கன அளவு கம்பெனி தாள்ல இருக்கும், 12 இஞ்சுக்குப் பொதுவா ஒரு கன அடிகிட்ட வரும். மூலையில காத்துப் போகாம பசை விட்டு அடைக்கச் சொல்லு. அந்த ஓட்டைப் பொட்டியைத் தூக்கி எறிஞ்சுராத. எதுக்கா? பெறகு சொல்லுறேன்.

வயரைக் காட்டு. இது செம்பா? சுரண்டு பாப்போம். வெள்ளையா இருக்கு. அலுமினியத்துக்குச் செம்பு முலாம். முலாம் பூசுன நகையைப் பொண்ணுக்குப் போட்டு அனுப்புனா சம்பந்தி சும்மா விடுவாரா? நல்ல செம்புக் கம்பியா, 4 கேஜுல, பேட்டரியிலருந்து நேரா இழு. ஃபியூஸு எங்க? ஆம்ப்ளிஃபயருக்குப் பக்கத்துலயா? தீப்புடிச்சதுக்கு அப்புறம் தண்ணிக் கொடத்தை எடுத்த மாதிரி. பேட்டரியிலருந்து ஒரு முழத்துக்குள்ள ஃபியூஸு இருக்கணும். வழியில வயரு நைஞ்சு தகட்டுல பட்டா வண்டியே பத்திக்கிரும்டா, இதுல மட்டும் வெளையாடாத. எர்த்து வயரு சின்னதா இருக்கட்டும், அது தொடுற எடத்துல பெயிண்ட்டைச் சுரண்டிட்டு முறுக்கு. பாட்டு வயரு ஒரு பக்கம், கரண்டு வயரு ஒரு பக்கம் போகட்டும். ரெண்டையும் சேத்துக் கட்டுனா, ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க ஒரு கொசு பாட்டுக்குள்ள சுருதி ஏத்திக்கிட்டே வரும்.

இனிமே ஒன் நம்பர் பிளேட்டு. 20 ஹெர்ட்ஸுலருந்து 100 வரைக்கும் மெதுவா ஏறுற டோன் ஒண்ணைப் போட்டுட்டு, வெளிய எறங்கி வண்டியைச் சுத்தி வா. எங்க 'கிர்ர்'ருங்குதோ அங்க கையை வச்சு அமுக்கு. நம்பர் பிளேட்டுக்குப் பின்னால ஃபோம் பட்டை. பின்னால தட்டுப் பலகைக்கு அடியில ஒரு பட்டை. ஜாக்கி, பானா எல்லாத்தையும் துணியில சுத்து. கண்ணாடிக்கிட்ட ஒட்டியிருக்குற முருகனும் ஆடுறாரு, அவருக்கும் அடியில ஒரு பசை வையி. இதுல பாதியை நீ இத்தனை நாளா பேஸுன்னே நெனச்சு ரசிச்சுக்கிட்டு இருந்துருக்க.

கடைசியா எம்புட்டு வைக்கிறதுங்குற அளவு. டிக்கியை முழுசா அமத்திட்டு, பாட்டை ஓட விட்டு, கொஞ்சங் கொஞ்சமா ஏத்து. 'ஆகா, சப்வூஃபரு'ன்னு ஒனக்குத் தோணுற எடம் வந்துரும். அங்கயிருந்து ஒரு பிசுக்கு கொறை. அம்புட்டுத்தான். இப்ப டிக்கியை மட்டும் பட்டுன்னு அமத்திப் பாரு. பாட்டு பல்லுப் போன கெழவனாட்டம் ஆகணும். திரும்பப் போட்டா, எங்கயிருந்து பல்லு வந்துச்சுன்னு தெரியக்கூடாது. ரோட்டுல போகும்போது டயர் எரைச்சல் அடிச்சத்தத்தை முழுங்கும், அதுக்குக் கொஞ்சம் கூட வேணும். மெதுவாப் பாட்டுக் கேட்டாலும் காது அடிச்சத்தத்தைக் கொறைச்சுத்தான் கேக்கும். ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு பேரு 1933லயே அளந்து சொல்லிட்டாக. அதுக்குத்தான் ஸ்டீயரிங்குக்குப் பக்கத்துல ஒரு ரிமோட் நாப்பு வையின்னுறது. அதையும் முழுசாத் திருகிவிட்டு மறந்துராத, நாயி வாலாட்டம் மறுபடி அங்கயே போகும் ஒன் கையி.

ராத்திரி 10 மணிக்கு மேல தெருவுக்குள்ள வரும்போது அமத்திரு. 2000ல வந்த சட்டம், 10லருந்து காலையில 6 வரைக்கும் ஒலிபெருக்கிக்குத் தடை. பொங்கல் மொளைப்பாரி நடுவுல, கரெக்டா 10 மணிக்கு ஏட்டையா என் ஆம்ப்ளிஃபயர் பக்கத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்துருவாரு. சாமிக்கே பர்மிசன் இல்லாத நேரத்துல ஒனக்கு எவன் குடுத்தது?

அந்த ஓட்டைப் பொட்டியா? ஆங், மறக்கல. அதை இங்கயே எறக்கி வச்சுட்டுப் போ. மேற்குக் காட்டுல சோளம் பாலு புடிச்சுருக்கு, ராத்திரியானா பன்னி எறங்குது. பட்டாசு போட்டுப் பாத்தேன், பயப்படல. ஒன் பாட்டைப் போட்டுப் பாக்கலாம்னு இருக்கேன். இப்ப எதுக்குச் சிரிக்கிற? இம்புட்டு நேரம் தொண்டைத்தண்ணி வத்தப் பேசியிருக்கேன், தாத்தனுக்கு ஒரு பொட்டி கூடக் கெடையாதா?

போயிட்டு வா. எல்லாத்தையும் சரி பண்ணிட்டு அடுத்த வாரம் வா. சரியாயிருச்சான்னு ஒன் கூட்டாளிககிட்ட கேக்காத, அவய்ங்க ஒன் காசுலதான் டீ குடிக்கிறாய்ங்க. வண்டியை வாசல்ல நிப்பாட்டு. பாட்டு ஓடட்டும். எறங்கி உள்ள வந்து, "அப்பத்தா"ன்னு கூப்புடு. அவ திடுக்குன்னு திரும்பி, "எப்படா வந்த, ஒரு சத்தத்தையும் காணோம்"னு கேட்டு, அதுக்கப்புறம் அடுப்பைப் பத்த வச்சான்னா, கிடாருக்காரரு உக்காந்துட்டாருன்னு அர்த்தம். அன்னைக்குக் காபி கொஞ்சம் தாமசமாத்தான் வரும். பொறுத்துக்க.